ஆளில்லாத நேரத்துப் படம்

அழகு நிலையத்தில் பதினான்கு வருடம் அடுத்தவர் தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, முப்பத்தாறாவது வயதில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்தாள் என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது. அவளுடைய அண்ணனுக்கே வரவில்லை. உனக்கு என்ன கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். ஆனால் அழகு நிலையம் இருந்த கட்டடத்தை விற்றுவிட்டார்கள். கணவனோ, மகளுக்கு நாலு வயதாகும்போதே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனவன். அதற்காக அழ வேண்டியதையெல்லாம் அவள் எப்போதோ அழுது முடித்திருந்தாள். தளத்தின் பயிற்சிப் பள்ளி, அனுபவம் வேண்டாம், நாற்பது வயதுக்குள் இருந்தால் போதும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்க இரண்டு வருடம் பாக்கி இருந்த மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

பயிற்சி ஒன்பது மாதம். சொல்லிக்கொடுத்தவன் அவளைவிட ஆறு வயது சின்னவன். வாய் கொஞ்சம் அதிகம். அவளுடைய முதல் மாத வேலையைப் பார்த்து, "இது வெல்டிங் இல்லம்மா, காக்கா எச்சம்" என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்த நாற்பது பேரில் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாவது மாதம் கண்ணாடிப் பாடம் வந்தது. நீர்மூழ்கிக்குள் குழாய்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஓடும். குழாயின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க வழியே கிடையாது. ஒரு சின்னக் கண்ணாடியைப் பின்னால் பொருத்தி, அதில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கை வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் போனது. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பதினான்கு வருடமாக அவள் உலகத்தைக் கண்ணாடியில்தானே பார்த்திருந்தாள்! அன்று முதல் அவள் பெயர் கண்ணாடியக்கா ஆயிற்று.

தளத்தில் சேர்ந்தபின் வாயிலிலேயே கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே செய்கிற வேலையைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடும்போது, "என்னம்மா பண்ணின இந்த வாரம்?" என்பாள். "வேலைதான்." "என்ன வேலை?" "பைப்பு." கொஞ்ச நாளில் மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காத பிறகு பேசுவதற்கும் அதிகம் இல்லாமல் போயிற்று.

அவளுக்கென்று இருந்தது மதிய உணவு மேஜைதான். ஃபோர்மேனையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட குழு. அதில் குட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தன், அவள் நுழைய முடியாத இடுக்கிலும் நுழைந்து வேலை பார்ப்பான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவான். வாடகை அறையில் ஒற்றை நாற்காலியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு, அந்த அரை மணி நேரம்தான் குடும்பம்.

மூன்றாவது வருடம் அது நடந்தது. கடல்நீர் ஓடும் ஒரு குழாயின் இணைப்பு. முக்கால்வாசி முடித்தபோது அவள் மணிக்கட்டு மரத்துப்போய், பற்றவைக்கும் சுடர் அறுந்தது. மறுபடி தொடங்கினாள். அறுந்த இடத்தைத் தேய்க்காமல் தொடர்ந்தால் இரும்பு சரியாக ஒட்டாது. தொடங்குமுன் அந்த இடத்தைச் சுத்தமாகத் தேய்த்தோமா என்பது மட்டும் பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். குறையில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். குழாயைச் சுற்றி உறை போட்டு, அதன்மேல் மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் தட்டுகளையும் ஏற்றிவிட்டார்கள். ஒன்பது நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பத்தாவது நாள் ஃபோர்மேனிடம் போய் நின்றாள்.

"படம் நல்லா இருக்குன்னு எழுத்துல குடுத்துட்டாங்க. அப்புறம் உனக்கென்ன வந்துச்சு?" என்றார் அவர்.

"படம் அவங்களோடது சார். கை என்னோடது."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

கப்பலின் அந்தப் பகுதியை அடுத்த பகுதியோடு சேர்க்கும் வேலை நாலு நாள் தள்ளிப்போனது. குழுவில் எல்லோருடைய விடுப்பும் ரத்தாயிற்று. போட்ட தட்டுகளைக் கழற்றினார்கள், உறையை உரித்தார்கள். முதல் படத்தை எடுத்த எக்ஸ்ரே பரிசோதகரே மறுபடி வந்தார். தடித்த கண்ணாடி போட்ட, அளந்து பேசுகிற மனிதர். அவரைப் படக்காரர் என்பார்கள். வேறு கோணத்தில் எடுத்தார். படத்தை விளக்குப் பலகையில் வைத்து அவளையும் கூப்பிட்டார். நகத்தின் நீளத்துக்கு, முடிபோல ஒரு கோடு. இரும்பும் இரும்பும் அங்கே ஒட்டவே இல்லை.

"கதிர் போற திசையிலேயே பிளவு இருந்தா தெரியும். சாஞ்சு படுத்துட்டா தெரியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும்தான் கோட்டை விட்டிருக்கேன்" என்றார்.

விதிப்படி அவளுடைய சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். அவள் கடைசியாகச் செய்த பதினோரு இணைப்புகளையும் திரும்பப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் மூன்று வாரம் பயிற்சிப் பள்ளியில் புதியவர்களோடு உட்கார்ந்து, மறுபடி தேர்வு எழுதித் தேறித்தான் திரும்பினாள். திரும்பிய அன்று மதியம் மேஜைக்குப் போனாள். அவள் இடத்தில் யாருடைய தலைக்கவசமோ இருந்தது. எடுக்க ஒருவரும் கை நீட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. விடுப்பு ரத்தான அந்த நாலு நாளில்தான் குட்டையனுக்கு ஊரில் முதல் குழந்தை பிறந்திருக்கிறது. அவன் கேபிள் தட்டுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் அவனைத் தேடிப் போனாள். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, முகம் பார்க்காமல் பேசினான்.

"நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லலக்கா. ஆனா இப்ப என்னால உன்கூடப் பேச முடியல."

அவள் சரி என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் படக்காரர் வந்து, பரிசோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். பாஸான படத்தையே நம்பாத ஆள் லேசில் கிடைப்பதில்லை என்றார். படிக்க வேண்டியது நிறைய, ஒன்றரை வருடம் ஆகும் என்றும் சொன்னார். கலந்து பேச அவளுக்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னாள்.

"அப்ப இனிமே கப்பலுக்குள்ள போக மாட்டியாம்மா?"

"போவேன். எல்லாரும் வெளிய வந்தப்புறம் போவேன்."

படிப்பு முழி பிதுங்க வைத்தது. நல்லவேளை, கதிர், கோணம், நிழல் என்று புத்தகத்தில் இருந்ததெல்லாம் ரகசியம் இல்லை. கல்லூரிக்குப் போய்விட்ட மகள்தான் தொலைபேசியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, நீ மறுபடி தலைகீழாப் போடுற" என்று அதட்டுவாள். அந்த ஒன்றரை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தேர்வில் அவள் தேறிவிட்டாள். அடுத்த ஞாயிறு பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. ஃபெயிலாகியிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

புது வேலையில், மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம்தான் அவள் நேரம். கதிர் பட்டால் ஆபத்து என்பதால், எல்லோரையும் வெளியே அனுப்பி, உள்ளே போகும்போது ஒவ்வொருவரும் வாங்கிய எண் வில்லையும் திரும்பி வந்துவிட்டதா என்று சரிபார்த்து, கயிறு கட்டி, சிவப்பு விளக்கைப் போட வேண்டும். பிறகு யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்க்க அவள் மட்டும் உள்ளே ஒரு நடை போய் வருவாள். கழற்றிப்போட்ட கையுறைகள், பாதி குடித்த தண்ணீர் பாட்டில், சாக்கட்டியால் கிறுக்கிய கேலிப் படம். ஆட்கள் இருந்த சூடு மட்டும் அங்கே மிச்சம் இருக்கும்.

வெல்டர்கள் அவளைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். குட்டையனின் இணைப்பு ஒன்றையே அவள் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அவன் அதைச் சரிசெய்தான். அடுத்த வருடம் ஒருநாள் அவனாகவே வந்து நின்றான்.

"அக்கா, நேத்துப் போட்ட ஜாயிண்ட்டு மனசுல உறுத்துது. இன்னொரு கோணத்துல பாத்துடு."

பார்த்தாள். சுத்தமாக இருந்தது. சொன்னாள். அவன் தலையசைத்துவிட்டுப் போனான்.

கப்பல் முதன்முதலாகக் கடலுக்கு அடியில் இறங்கிய நாளில், நாற்பத்திரண்டு பேர் உள்ளே போனார்கள். தளத்து ஆட்களில் குட்டையனும் ஒருவன். கரையில் இருந்தவர்களுக்கு ஒரு தகவலும் கிடையாது. அவள் பழைய படங்களை அடுக்கினாள், அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்த இணைப்பு எத்தனையாவது படம் என்பதெல்லாம் கண்ணை மூடினால் வந்து நின்றன.

மறுநாள் காலை உணவுக்கூடத்து வரிசையில் குட்டையனைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. தட்டோடு அவள் மேஜைப் பக்கம் வந்தான்.

"ஒரு சொட்டு உள்ள வரலக்கா" என்றான்.

"பையன் எப்படி இருக்கான்?"

"ஓடுறான், குதிக்குறான். ஒரு இடத்துல நிக்கறதில்ல." சிரித்தான். உட்காருவானோ என்று அவள் தண்ணீர்க் குவளையை நகர்த்தி இடம் பண்ணினாள். அதற்குள் அந்தப் பக்க மேஜையிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். கடலுக்கடியில் போய் வந்த கதையைக் கேட்க அங்கே ஒரு கூட்டமே காத்திருந்தது. அவன் போய்விட்டான்.

அந்த ஞாயிறு மகள் கூப்பிட்டாள்.

"இந்த வாரம் ரொம்ப நல்ல வாரம்டி" என்றாள் அவள்.

"ஏம்மா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

மகள் தன் விடுதியில் தண்ணீர் வராததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அம்மா ஒற்றை நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.