மச்சான் என்று பெயர் வைத்த மணி

மணிக்காரர் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். வாயால் கெட்டவர்கள் நம் சொந்தத்தில் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் பத்தாது. அந்த வரிசையில் இவரும் ஒருத்தர்.

வீட்டில் மூச்சுக்குத் திணறிக் கிடப்பவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. சிலிண்டர் கேட்டு யாராவது போன் செய்தால் அது கம்ப்யூட்டரில் ஏறும். அங்கிருந்து டிரைவரின் போனுக்குப் போகும். நடுவில் சிக்கி நின்றுவிட்டால் மூன்று வழியில் எச்சரிக்கை வரும். கிடங்கில் மணி அடிக்கும். மணிக்காரர் போனுக்குச் செய்தி வரும். அதையும் பார்க்காவிட்டால் எந்திரமே அவரைக் கூப்பிட்டுப் பேசும். உடனே அவர் டிரைவரை அழைத்து, இன்ன வீட்டுக்கு ஓடு என்று வாயால் சொல்ல வேண்டும். மணி அடித்தால் ஓடவேண்டிய ஆள் என்பதால்தான் அவருக்கு மணிக்காரர் என்று பெயர்.

ஆனால் அந்த எந்திரம் தும்மினாலும் மணி அடிக்கும், இருமினாலும் மணி அடிக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. புலி வருது கதைதான். பொறுத்துப் பார்த்த மணிக்காரர் ஒருநாள் பழைய பனியனைக் கிழித்து மணியின் நாக்கில் சுற்றினார். செய்தி வரும் சத்தத்தை அணைத்தார். மிச்சம் இருந்தது போன் அழைப்பு ஒன்றுதான்.

"இதுவும் என் மச்சான் மாதிரிதான்யா. ஒண்ணுமில்லாததுக்கு உயிரை வாங்கும்" என்றார் கிடங்கில். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் ருசியில், எந்திரத்தின் நம்பரை போனில் 'மச்சான்' என்றே பதிந்துவிட்டார்.

நிஜ மச்சான், மனைவியின் ஒரே தம்பி, அதே கம்பெனியில் டிரைவர். அக்கா இடுப்பில் வளர்ந்த பிள்ளை. "மாமா, இங்க தூறல் போடுது, அங்க எப்படி?" என்று கேட்பதற்கே போன் போடுகிற ஆள். அவன் நம்பர் இவர் போனில் 'வண்டி' என்று இருந்தது. வீட்டுக்காரிக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்தே எச்சரிக்கையைக் கவனிக்கும் முறை அவருடையது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவர், "மச்சான்னு வந்தா கட் பண்ணு. சும்மா தொணதொணப்பு" என்று போனை மனைவியிடம் கொடுத்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. என் தம்பி குரல் இவருக்குத் தொணதொணப்பாய்ப் போச்சா? ஆனாலும் புருஷன் அசந்து தூங்குகிறாரே என்று, 'மச்சான்' வந்தபோதெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கட் செய்தாள்.

சாயந்திரம் தம்பியே வந்து நின்றான். சட்டை முழுக்க வியர்வை. அவள் கதவைத் திறந்ததுமே அழாத குறை.

"கோச்சுக்காதடா. நீ கூப்பிடக் கூப்பிட நான்தான் கட் பண்ணேன். மாமா தூங்கினாரு."

"நான் எங்கக்கா கூப்பிட்டேன்? என் ரெண்டு கையும் சிலிண்டர்ல இருந்துச்சு. மாமா, நம்ம தையல்காரம்மா இல்ல, அவங்க சிலிண்டர் கேட்டது கம்ப்யூட்டர்லயே மாட்டிக்கிச்சு. போன தடவை போனப்ப என் நம்பர் கொடுத்துட்டு வந்தேனோ, அவங்க மருமக பொறுத்துப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டுச்சோ, பிழைச்சாங்க. நான் போறப்ப உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடந்தாங்க."

மணிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

"நீ கூப்பிடலைன்னா, இது யாரு?" என்று மனைவி போனை எடுத்து 'மச்சான்' மேல் விரலை வைத்தாள். "ஏய், இரு, இரு" என்று இவர் கை நீட்டுவதற்குள் மறுமுனையில் ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், கூடம் முழுக்கக் கேட்டது:

"அவசர எச்சரிக்கை. சிலிண்டர் ஆர்டர் நின்றுவிட்டது. உடனே கவனிக்கவும்."

அந்தக் குரல் மட்டும் சொன்னதையே திரும்பச் சொன்னது.

"ஏக்கா, நான் இவ்வளவு அழகாவா பேசுவேன்?" என்று சிரிக்கப் பார்த்தான் தம்பி. பாதியில் அவனுக்கே விளங்கிவிட்டது. அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் மணிக்காரர் தாங்கியிருப்பார். அவனோ, தெரியாமல் அடுத்தவர் அறைக்குள் நுழைந்துவிட்டவன்போல் தலையைக் குனிந்து, "வர்றேன்க்கா" என்று செருப்பைத் தேடினான்.

"என் தம்பி பேரை மணிக்கு வெச்சீங்க, சரி" என்றாள் அவள். "என் கையாலயே அதோட கழுத்தை நெரிக்க வெச்சீங்களே."

ராத்திரி சோறு போட்டாள். மணிக்காரர் பிசைந்ததோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் மேனேஜர் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "மூணு வழியும் எப்படிய்யா ஒண்ணா அடைபடும்?"

மணிக்காரர் வாய் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். "அந்தப் பக்கம் சிக்னலே இல்ல சார். மாமா மேல தப்பில்ல."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. தன்னை ஊர் சிரிக்க வைத்த மனிதனுக்காகப் பொய் சொல்கிறான் பிள்ளை! "சிக்னல் இருந்துச்சு சார்" என்றார் மணிக்காரர். பனியன் துணியையும் சொன்னார், செய்தி சத்தத்தை அணைத்ததையும் சொன்னார். மச்சானைப் பார்க்காமலே பெயர் வைத்த கதையையும் சொன்னார். முன்பு சிரித்த அதே ஆட்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் திட்டித் தீர்த்தார். பிறகு, "இனிமே இவர் எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போகணும். இவர் எடுத்தாலும் 'பார்த்துட்டேன்'னு பட்டனை அமுக்குற வரைக்கும் விடக்கூடாது. அடுத்த ஆள் யாரு?" என்றார். யாரும் யோசிக்கவே இல்லை. மச்சானைக் காட்டினார்கள்.

மணிக்காரர் ஏணி போட்டு ஏறி, தன் கையாலேயே துணியை அவிழ்த்தார். சோதித்துப் பார்த்தபோது மணி காதைக் கிழித்தது. பழைய பெயரை அழித்து 'உயிர்' என்று பதிந்தார். 'வண்டி' என்பதை 'மச்சான்' ஆக்கினார். பிறகு, மச்சானுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத் தன் போனிலிருந்து அவனை அழைத்தார்.

மேஜைமேல் கிடந்த அவன் போன் அதிர்ந்தது. அதில் தன் நம்பரை அவன் எப்படிப் பதிந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

'மாமா. உடனே எடுக்கணும்.'

மச்சான் ஓடிவந்து எடுத்து, எதிரே நிற்பவரைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க மாமா" என்றான்.

மணிக்காரருக்குச் சொல்ல வாய் வரவில்லை.