சிவப்பு விளக்கை வலப்பக்கம் மாட்டினேன்

ஆத்தாவின் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். போன ஆடி மாதம் நான் அம்மனைத் திட்டினேன். கொஞ்சநஞ்சம் இல்லை, சன்னதியில் நின்று வாய்விட்டே திட்டினேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் எங்கள் குப்பம். என் வீட்டுக்காரருக்குச் சின்னப் படகு ஒன்று. எஞ்சின் படுத்துவிட்டதால் பாய் கட்டித்தான் ஓட்டுகிறார். விடிவதற்குள் வலை போட வேண்டுமென்று இருட்டிலேயே கிளம்புவார். ஆனிக் கடைசியில் ஒருநாள், ஒரு பெரிய விசைப்படகு இவரை உரசுகிற மாதிரி போயிருக்கிறது. எஞ்சின் இருந்தால் சட்டென்று விலகலாம். பாயை வைத்துக்கொண்டு எங்கே விலக? வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. விளக்கு மாட்டாமல் இனிக் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

காரைக்காலில் படகு விளக்கு விற்கிற கடைக்காரர் படகை வந்து பார்த்து, அளந்து, மூன்று விளக்கும் கொடுத்து வயரையும் வெட்டிக் கொடுத்தார். சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம், பின்னால் வெள்ளை என்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"செவப்பு ஆத்தா நெறம். அதப் போயி எடது கைப் பக்கம் வைப்பாங்களா?" என்றேன் வீட்டுக்காரரிடம், கடைக்காரர் போன பிறகு.

"அவரு அப்படித்தான புள்ள சொன்னாரு."

"கடல்ல வந்து காப்பாத்தப் போறது அவரா, ஆத்தாவா?"

சிவப்பை வலப்பக்கமும் பச்சையை இடப்பக்கமும் மாட்டி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டேன்.

அன்று சாயங்காலம் கரையில் வைத்துப் போட்டால் மூன்றும் ஜம்மென்று எரிந்தன. தண்ணீரில் இறக்கி இரண்டு அலை அடித்ததும் சிவப்பு மட்டும் அணைந்தது. அன்றிரவு கடலுக்குப் போகாமல் வீட்டுக்காரர் வயரைச் சேர்த்து டேப் சுற்றினார். மறுநாளும் அதே கதை. பச்சை எரிகிறது, வெள்ளை எரிகிறது, ஆத்தாவின் விளக்குதான் எரிய மாட்டேன் என்கிறது! மூன்றாம் நாளும் அணைந்ததும் நேராகக் கோயிலுக்குப் போனேன். "என் புருசன் உசுருக்குத்தானே வெளக்கு கேட்டேன்? ஒன் நெறத்தையே ஒன்னால எரிய வைக்க முடியலியா? எதுக்கு ஒக்காந்திருக்க நீ?" என்று கத்தினேன். பூசாரி எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் விளக்கு எப்படி எரிகிறது என்று பார்க்கக் கடைக்காரரே வந்தார். படகைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார்.

"இத யாரும்மா மாத்துனது? எடப்பக்கத்துக்கு அளந்து வெட்டுன வயரு இது. வலப்பக்கம் இழுத்துக் கட்டுனா, படகு ஆடுறப்ப பிச்சிக்காதா? அத விடுங்க. எதுக்க வர்றவன் வெளக்க வச்சுத்தான் நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு கணக்குப் பண்ணுவான். இப்படியே போயிருந்தா, ஒங்க பின்னால ஒதுங்குறதா நெனச்சு ஒங்க மேலயே ஏத்திருப்பான்."

நான் மாட்டின விளக்கு. நான் வைத்த குங்குமம்.

மாற்றி மாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் வீட்டுக்காரர் கடலுக்குப் போனார். பொழுது புலர்ந்து கரையேறினதும் முதல் வார்த்தையாகச் சொன்னார்: "ஒரு பெரிய போட்டு குறுக்க வந்துச்சு புள்ள. நம்ம வெளக்கப் பாத்துட்டு, பின்பக்கமா ஒதுங்கிப் போயிட்டான்."

மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று நாளும் அந்த விளக்கை அணைத்து அணைத்து அவரைக் கரையில் நிறுத்தி வைத்தவளைத்தான் நான் அந்தத் திட்டு திட்டியிருக்கிறேன்.

இப்போதும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் ஆத்தாவிடம் கேட்பதைக் கேட்டுவிட்டு, அதை எப்படிச் செய்ய வேண்டுமென்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நீங்களும் கேளுங்கள், அம்மா தாய்மாரே. கேட்டது நடக்கவில்லையென்றால் என்னைப் போலத் திட்டவும் திட்டுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். அன்றைக்குப் படகை மட்டும் இறக்காதீர்கள்.