சீல் பிரிக்காத சிலிண்டர்

எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியபோது அம்மா வீட்டில் இல்லை. அதற்காகப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவள் அவள்தான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகை கண்ணைக் கரிக்கும்போதெல்லாம், அந்த கேஸ் எப்போதுதான் வரும் என்று அப்பாவைக் கேட்பாள். ஏதோ அப்பாதான் மலையடிவாரத்தில் பள்ளம் தோண்டி அதை எடுத்துவரப் போகிறவர் மாதிரி. கடைசியில் அது ஒரு மத்தியானம் மூன்று சக்கர வண்டியில் வந்தது. கூடவே அட்டைப் பெட்டிக்குள் ஓர் அடுப்பும் வந்தது.

அம்மா அப்போது கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டில் இருந்தாள். மாமாவின் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்குகிறார்கள், ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்குப் பத்து வயது. ஒரு கொல்லை கடலையைப் பிடுங்க எத்தனை நாளாகும் என்று டவுனில் வளர்ந்த எனக்குத் தெரியாது. அவள் போனபோது மழைக்காலம் ஆரம்பித்திருக்கவில்லை. இப்போது கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சியில் எரிந்த கொப்பரையைக்கூட இறக்கிவிட்டார்கள்.

சிலிண்டரை உருட்டிவந்தவர் அடுப்பில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகவா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். அதைச் சமையலறை மூலையில் நிறுத்தி, மூடியும் சீலும் அப்படியே இருக்க, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

"அம்மா வந்து பத்த வெக்கட்டும்," என்றார் என்னிடம்.

அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. ஒரு தனியார் பஸ் கம்பெனியின் வண்டிகள் எல்லாம் அவர் விசிலுக்குத்தான் கிளம்பும். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் வண்டியும் அதில் ஒன்று. கேஸ் வந்துவிட்டது என்ற சேதியை அந்த வண்டியின் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். மாமா வீடு ரோட்டை ஒட்டியே இருந்ததால் இது பெரிய காரியம் இல்லை. மறுநாள் கண்டக்டர் வந்து, சொல்லிவிட்டேன், சரி என்று சொன்னார்கள் என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அப்பா மட்டும், வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று இரண்டாம் முறையும் கேட்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். பூட்டிய வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்காது. அப்பாவின் மர ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வேலூர் வண்டி வந்தாலும் பாண்டிச்சேரி வண்டி வந்தாலும் அப்பா தலையைத் தூக்காமல் விசில் கொடுப்பார். கீழ்பென்னாத்தூர் வண்டி வந்தால் மட்டும் எழுந்துபோய் பின்படிக்கட்டுக்கு எதிரே நிற்பார். கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு சட்டம் இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வேன்.

சாயந்திரம் இரண்டு பேரும் நடந்து வருவோம். அப்பா ஸ்டவ்வைப் பம்ப் அடித்துச் சோறு வைப்பார். அது குழையும், அல்லது அரிசியாகவே இருக்கும். நான் குறை சொன்னதில்லை. துண்டு போர்த்திய சிலிண்டர் மூலையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மார்கழியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் அந்தச் சின்ன வீடு வந்து நின்றது. முன்னால் ஒரு பழைய வேன். அது இழுத்துவந்த, இரண்டு சக்கரம் வைத்த வீடு பின்னால். அதற்குக் கதவு, ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. தெருப்பிள்ளைகள் அதற்குப் பொட்டி வூடு என்று பெயர் வைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், அவர் மனைவி, மூன்று வயதில் ஒரு பையன். ஜெர்மனியிலிருந்து ரோடு வழியாகவே வந்தவர்களாம். மலையைச் சுற்றுவதும், சுற்றாத நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமாக இருந்தார்கள். அப்பாவின் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றாலும் இரண்டு பேரும் வேலியோரம் நின்று பேசிக்கொள்வார்கள்.

வந்த சில நாளிலேயே அவர்களுடைய கேஸ் தீர்ந்துபோயிற்று. அது எங்களுடையது மாதிரி ஆள் உயரத்தில் பாதி நிற்காது. பூசணிக்காய் அளவில் நீலமாக இருந்தது. அவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கேஸ் கடைக்குப் போனார். கடைக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் காலி சிலிண்டரைக் கொடுத்தால் எங்கள் சிலிண்டரைக் கொடுப்போம், இது யாருடையதென்றே தெரியவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாய் வேறு மாதிரியாம், திருகு எதிர்ப்பக்கமாம். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. வேலூரில் நிரப்புவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, காலை வண்டி டிரைவரிடம் அதை ஒப்படைத்தார். இஞ்சின் மேல் உட்கார்ந்து போன சிலிண்டர் சாயந்திரம் அப்படியே காலியாகத் திரும்பி வந்தது. பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தி, அங்கே கட்டாயம் கிடைக்கும் என்றார் இன்னொருவர். அங்கேயும் போய் வந்தது. அம்மா ஏறாத பஸ்ஸில் எல்லாம் அந்தச் சிலிண்டர் ஏறி இறங்கியது.

அதுவரை அவர்கள் ஓட்டலில் சாப்பிட்டுச் சமாளித்தார்கள். பிறகு பையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. டாக்டர் மருந்து கொடுத்து, காய்ச்சிய தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் தவிர வேறொன்றும் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அந்த அம்மாள் ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சமையலறை வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. அப்பா பாத்திரத்தை வாங்கி ஸ்டவ்வில் வைத்தார். அன்று முழுக்கத் தண்ணீர், கஞ்சி, மறுபடி தண்ணீர் என்று ஸ்டவ் எரிந்துகொண்டே இருந்தது. அப்பா அன்று டியூட்டிக்கே போகவில்லை.

அடுத்த நாள் ஸ்டவ் புசுபுசுவென்று இருமி அணைந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. ரேஷன் கடையில் சரக்கு வரவில்லை. எதிர்வீட்டிலும் இல்லை. அந்த அம்மாள் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பையனின் தலை துணி பொம்மையின் தலை மாதிரித் தொங்கியது. அவள் மூலையில் இருந்த துண்டையும், துண்டுக்குக் கீழே தெரிந்த சிவப்பையும் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கேட்க அவளுக்கு மொழி இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பாளா தெரியாது.

அப்பா துண்டை எடுத்து மடித்து வைத்தார்.

"அது அம்மாவோடதுப்பா," என்றேன்.

"கொழந்தைக்குத் தண்ணி வெக்கணும்மா."

"அம்மா வந்து பத்த வெக்கட்டும்னு நீதான சொன்ன?"

அப்பா சிலிண்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். சீலை விரலால் தடவினார். "சொன்னேன்," என்றார். பிறகு பல்லால் கடித்து அதை அறுத்தார்.

அதை எங்கள் அடுப்பில் மாட்டுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவரும் ஜெர்மன்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு காலிமனைக்குப் போனார்கள். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். அவர் பொட்டி வீட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, இவர்கள் குழாயில் நம் ரப்பர் டியூப் ஏறும், சிலிண்டர் மட்டும் உள்ளே கொள்ளாது, வெளியே நிற்கட்டும் என்றார். கிளிப்பை முறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். தீக்குச்சி கிழித்ததும் நீலமாக ஒரு வட்டம் பூத்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் தினமும் நான் அந்த வாசற்படியில் போய் நின்றேன். உள்ளே எல்லாம் மடக்கி விரிக்கிற சாமான்கள். மேசையை இறக்கினால் கட்டில் ஆகும். அந்தக் கட்டிலில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஏதோ படித்துக் காட்டுவார். அவள் பையனுக்குக் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுப்பாள். என்னைப் பார்த்தால் உள்ளே வா என்று கையைக் காட்டுவாள். அவ்வளவு சின்ன வீட்டில் எனக்கு எங்கே இடம் இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ, நான் ஏறினதே இல்லை. எங்கள் வீட்டுக்குத் திரும்பினால் அது ரொம்பப் பெரிதாகத் தெரியும். அப்பா அந்த நாட்களில் ஓட்டலிலிருந்து இட்லி வாங்கிவருவார். பொட்டலத்தைப் பிரித்துக் கூடத்தில் வைத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

பையன் தேறினான். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் கிளம்பினார்கள். சிலிண்டரைக் கழற்றி அப்பாவும் அவருமாகத் தூக்கிவந்து பழைய மூலையில் வைத்தார்கள். அவர் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். போகும்போது எங்கள் சமையலறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்கள் மனைவி எங்கே என்று கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்கே புரிந்தது.

"வில்லேஜ்," என்றார் அப்பா.

வேன் சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் ஏறியது. அன்று சாயந்திரமே அப்பா அட்டைப் பெட்டியைப் பிரித்து அடுப்பை எடுத்தார். டியூப்பை மாட்டிப் பற்றவைத்து உப்புமா கிளறினார். "நல்லாதான் எரியுது," என்றார், யாரோ எரியாது என்று சொன்ன மாதிரி. அம்மா வந்தால் இனி ஸ்டவ்வைத் திட்ட வேண்டியிருக்காது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விடியற்காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு டியூட்டி கிடையாது.

"அம்மா வர்றாங்க இன்னிக்கு. நீ வூட்லயே இரு," என்றார். என் தலையில் கையை வைத்தார். கை வைத்தபடியே கொஞ்சம் நின்றுவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

நான் வீட்டைப் பெருக்கினேன். அடுப்பைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். வெயில் ஏறின பிறகு ஒரு டெம்போ வந்து நின்றது. மாமா இறங்கினார், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. வண்டியருகிலேயே நின்று, நல்லாருக்கியா கண்ணு என்றார். அம்மா இளைத்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள், வெகுநேரம் விடவில்லை. அப்புறம் உள்ளே போய் டெம்போக்காரருக்குத் தையல் மிஷினைக் காட்டினாள். அவர் அதைத் தூக்கிப்போனார். பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு. அங்கே வேலை ஜாஸ்தி போலிருக்கிறது, அதனால்தான் மிஷின் வேண்டியிருக்கிறது என்று நான் முடிவுசெய்தேன்.

சமையலறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். சிலிண்டரின் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். நீ வந்துதான் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அப்பா அதை வெள்ளைக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்றேன். அவள் கோபப்படுவாள், அப்பா வரட்டும் என்று இடுப்பில் கையை வைத்து நிற்பாள், அப்பா வருவார், சண்டை நடக்கும், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புள்ளைக்குத் தேவலையாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சு. ஓடி ஆடிட்டுதான் போச்சு."

தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து ரெகுலேட்டரில் என் கையை வைத்தாள். "படுக்கப் போறப்ப இத இந்தப் பக்கம் திருப்பி மூடிடணும். ஒங்கப்பா மறந்துடுவாரு. நீதான் பாத்துக்கணும்." என்னைத் திறந்து மூடிக் காட்டச் சொன்னாள். நான் செய்தேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னாள்.

வெளியே டெம்போ உறுமியது. அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எங்கூட வர்றியா?"

மறுநாள் பள்ளிக்கூடம். போன வாரம்தான் லீவு முடிந்திருந்தது. அப்பா வேறு திரும்பி வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"இப்ப வேணாம்மா. முழுப் பரீட்ச லீவுக்கு வர்றேன்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாமா கூப்பிட்டார். என் சட்டைக் காலரை நேராக்கிவிட்டு இறங்கிப் போனாள். டெம்போ தெருமுனை திரும்பும்வரை நான் உற்சாகமாகக் கையாட்டினேன்.

கொஞ்ச நேரத்திலேயே அப்பா வந்தார். தெருக்கோடியிலிருந்து அவர் ஓடிவந்ததை நான் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியதில் தெரிந்தது. வாசலில் நின்று, மிஷின் இருந்த இடத்தையோ அண்டா இருந்த இடத்தையோ பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

"நீ இருக்கியா?" என்றார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர்தானே வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனார்? நான் வேறெங்கே இருப்பேன் என்று எனக்குப் புரியவில்லை.