கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்

எங்கள் மாதா கோயிலுக்கு ஏசி போட்டார்கள். போடட்டும், நானும் பூசையில் வேர்த்து வழிந்தவள்தான். ஆனால் வெயில் வந்தால் குளிர் நிற்காது என்று, மேற்குச் சுவரில் இருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலில் காருக்கு ஒட்டுகிற கறுப்புத் தாளை ஒட்டினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெளிச்சத்துக்காகவே செய்த ஜன்னல் அது! எந்தப் புத்திசாலிக்குத் தோன்றிய யோசனையோ!

அதைச் செய்தவர் ஒரு பிரெஞ்சு ஓவியர். நான் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்து, ஒரு சங்கு குளிக்கிறவரைக் கட்டிக்கொண்டு, ஊர் வாயில் விழுந்த வருஷம் இங்கே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் பங்குச் சாமியார் என்னைப் பேச்சுக்குத் துணையாக வைத்தார். சாயங்காலம் கோயில் படியில் டீ குடித்தபடி தன் கதையைச் சொல்வார். ரொட்டி சுடுகிறவரின் மகனாம். யுத்தத்தில் ஊர்க்கோயில் ஜன்னல்கள் நொறுங்கியபோது, அந்தச் சில்லுகளைப் பொறுக்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த பிள்ளை. படம் வரையப் போகிறேன் என்றதும் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். பாரீசில் அவர் படங்களை நாய்கூடச் சீண்டவில்லை. கடைசியில் கண்ணாடிதான் சோறு போட்டது.

எங்கள் ஜன்னலும் பெட்டி பெட்டியாக அங்கிருந்துதான் வந்தது. பச்சைக் கடலுக்கடியில் சங்கு எடுக்கும் ஓர் ஆள். முகம் மட்டும் சுத்த வெள்ளைக்காரன் முகம்.

"ஏலே, இந்த மூக்க வச்சிக்கிட்டு முங்குனா, சங்க தொடுறதுக்கு முன்ன மூக்குல்லா தரை தட்டும்!" என்றார் என் வீட்டுக்காரர். கூட நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் மொழிபெயர்த்தேன். மனுஷனுக்குக் கோபம் வந்ததே! முகம் இருந்த கண்ணாடித் துண்டைக் கழற்றித் தரையில் அடித்து உடைத்தார். சிரித்தவனையே உட்காரச் சொல் என்றார். என் வீட்டுக்காரர் மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்தார். புதுத் துண்டில் அவர் முகம் வந்தது, மூக்கு உட்பட.

கண்ணாடியில் தீட்டிய சாயம் பிடிக்க, சூளையில் சுட வேண்டும். இங்கே அதற்குச் சூளை ஏது? அந்த முகத்தை மக்ரூன் சுடுகிற பேக்கரி அடுப்பில் வைத்துச் சுட்டார். ரொட்டிக்காரர் மகன் அல்லவா, அடுப்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிற திமிர். சூடு போதவில்லை, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். சாயம் உட்பக்கம் இருந்ததால் மழைக்குப் பயமில்லை. "துடைக்கிறேன் என்று யாரும் இதில் தண்ணீர் பட விடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கார்டிலும் ஒரே கேள்விதான்: தண்ணீர் படவில்லையே?

சில வருஷம் கழித்து, சங்கு குளிக்கப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நான் அந்த ஜன்னலுக்கடியில் போய் நிற்பேன். என் சேலையெல்லாம் பச்சையாகும்.

கோயில் கமிட்டியிடம் இதையெல்லாம் சொல்லவில்லையா? தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று தலையாட்டினார் தலைவர். நான் மகள் வீட்டுக்குப் போன நாலு நாளில் சோப்புத் தண்ணீர் அடித்து, தேய்த்து, தாளை ஒட்டிவிட்டார்கள். வந்து நான் போட்ட சத்தத்தில் சாமியாரே ஏணி கொண்டுவரச் சொன்னார். தாளை உரித்தார்கள். முகமும் தாளோடு உரிந்து வந்துவிட்டது.

"இதுக்குப் போயி ஏன் டீச்சர்... வேற முகம் வரைஞ்சிருவோம்" என்றார் தலைவர்.

"யாரு மூக்க வப்பீய அண்ணாச்சி? ஒம்ம மூக்கையா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரரைக் கடல் ஒரு தடவை கொண்டுபோனது. இவர்கள் இன்னொரு தடவை கொண்டுபோனார்கள். ஓவியர் அதற்கு முந்தின வருஷமே இறந்துபோனார். நல்லவேளை, அவருக்கு நான் என்ன பதில் எழுதியிருப்பேன்?

இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் அங்கேதான் போனேன். முகம் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. தரையில் மெழுகுவத்தியை ஏற்றினேன். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஓடிவந்தார்.

"டீச்சர், உள்ள ஏசி ஓடுது. மெழுகுவத்தி ஏத்தக்கூடாதுன்னு கமிட்டி சொல்லிருக்கு."

"எய்யா, இது எம் புருசன் கல்லறை. இங்கன ஏத்தாம வேற எங்கன ஏத்த?"

அவர் போய் ஏசியை அணைத்தார்.