ப, த, க இல்லாத பாஷை

போன வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் லத்தீப் மாஸ்டர் மௌத்தான செய்தி வந்தது. வெயில் ஏறுவதற்குள் கல்முனை அவரை மொழி மேதை ஆக்கிவிட்டது. அவரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவன் என்று என்னையும் அவர் நினைவாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். மேதையை எனக்குத் தெரியாது. தெரிந்த ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

அவருடைய மகள் பாத்திமா மேலண்ணம் பிளந்து பிறந்தவள். ப, த, க என்று வாய்க்குள் காற்றை அடைத்துச் சொல்லும் ஒலிகளெல்லாம் மூக்கு வழியே போய்விடும். தன் பெயரையே சொல்ல வராது. எழுபதுகளின் கடைசியில் மாஸ்டர் அவளுக்காக ஒரு பாஷையை உண்டாக்கினார். ம, ந, ங, ய, ல, வ, அவற்றோடு உயிரொலிகள், அவ்வளவுதான். மகளுக்கு 'மாலிமா' என்று பெயரையும் மாற்றினார். ஆசிரியர் அறையில் எங்களுக்கும் பாடம் நடக்கும். "வாயை வெட்டிப் பாஷைக்குப் பொருத்தப்படா. பாஷையத்தான் வெட்டணும்" என்பார். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். சொக்கிப் போவதில் என்ன கஷ்டம்?

வெட்டு என்று அவர் சொன்னது கொழும்பில் செய்யக்கூடிய ஒப்பரேஷனை. அதைச் செய்விக்கச் சொல்லி மனைவி அழுது கேட்டார். "அவளுக்குத் தமிழ் வந்தா இந்தப் பாஷைய ஆரு கதைக்கிற?" என்று என் முன்னாலேயே திருப்பிக் கேட்டார் இந்த மனிதர்.

கடைசியில் தாயே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பிள்ளையோடு கொழும்புக்குப் போனார். "இவ்வளவு காலமும் என்ன செய்தீங்க?" என்று டாக்டர் ஏசினாராம். ப வந்தது, த வந்தது. க இன்றுவரை முழுதாக வரவில்லை. ஊருக்கு வந்த கிழமை பாத்திமா பேக்கரியில் தானாகவே, "ஒரு பாண் தாங்க" என்று கேட்டாள். கடைக்காரர் திருப்பிக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் நின்ற தகப்பன், "சத்தம் கரடுமுரடா இரிக்கி" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

அடக்கத்துக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மச்சான் எழுந்து நின்று இறந்தவருக்காக வழமைப்படி கேட்டார்: "மையித்து ஆருக்கும் பிழை செய்திருந்தா பொறுத்துக்கங்க." "பொறுத்தம்" என்று பள்ளி நிறைய ஆண்கள் சொன்னார்கள். எனக்கு அவர் ஒரு பிழையும் செய்யவில்லை, நானும் சொன்னேன். மேதையின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். பாத்திமா வீட்டில் பெண்களோடு இருந்தாள். அவளிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.