பாறை மீனின் செவுள்

நான் வாழ்க்கைப்பட்ட அருப்புக்கோட்டைக்குக் கடல் மீன் ஐஸில் கிடந்துதான் வரும். செவுளைப் பிரித்தால், அதில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்கள் செத்து வெளுத்துப் போயிருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்குப் பிறகும் விலங்கியல் ஆராய்ச்சியை விடாதிருந்த எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் புழுக்கள்தாம். உயிரோடு ஒன்றையாவது பார்க்காமல் படம் வரையாதே என்று மதுரையில் என் பேராசிரியர் சொல்லியிருந்தார். கோடை விடுமுறைக்குக் கல்லூரி மைக்ராஸ்கோப் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

என் கணவர் அப்போது வடக்கே வேலையில் இருந்தார். மாமனார் பருத்தி வியாபாரி; சுத்த சைவம். மீன்கடை இருக்கும் தெரு வழியாகக்கூடப் போகமாட்டார். கடற்கரைக்குப் போய்வர வேண்டும் என்று தயங்கித் தயங்கி மாமியாரிடம்தான் சொன்னேன். மறுநாள் காலையில் மாமனார் மூடிபோட்ட தூக்குவாளியோடு வாசலில் நின்றார். தனியாகப் போகவேண்டாம், தானும் வருவதாகச் சொன்னார்.

திருச்சுழி, கமுதி வழியாகச் சாயல்குடிக்குப் பஸ். அங்கிருந்து கரைக்கு மாட்டு வண்டி. அப்போதுதான் கரையேறிய பாறை மீன்களை ஒரு அம்மாள் மணலில் பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மீன் வாங்கி, செவுளை மட்டும் கடல் தண்ணீரில் போட்டுக்கொண்டு, மீனை அவரிடமே கொடுத்தோம். மருந்துக்கா என்று அவர் கேட்டார்.

"எம் மருமக படிப்புக்கு" என்றார் மாமனார்.

திரும்பும்போது வாளியில் ஈரத்துண்டைச் சுற்றி, குலுங்காமல் மடியில் அணைத்துக்கொண்டார். நாற்றம் பொறுக்காமல் பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போனார். மாமனாரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், வாளியை விடவில்லை.

வீட்டில், மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்தேன். சிவந்த செவுள் இழைகளுக்கு நடுவே ஒன்று உயிரோடு இருந்தது. பின்புறத்துப் பிடிப்புகளால் இழையைக் கவ்விக்கொண்டு, தலையை நீட்டியும் சுருக்கியும் எதையோ தேடியது. குளித்துத் திருநீறு பூசி வந்த மாமனாரைக் கூப்பிட்டேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மீனுக்கு வலிக்குமா தாயி?"

"ஒண்ணு ரெண்டுன்னா தாங்கிக்கிரும் மாமா."

"இதக் கொன்னுதான் படிக்கணுமோ?"

மருந்தில் போட்டுச் சாயம் ஏற்றினால்தான் உள்ளுறுப்புகள் தெரியும் என்றேன். அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"சரி, அது ஓயிற மட்டும் நல்லாப் பாத்துக்க. யாரையும் இந்தப் பக்கம் வரவிடாம நான் இருக்கேன்."

நாற்காலியைப் போட்டு அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். நான் வெளிச்சம் மங்கும்வரை வரைந்தேன். புழு தளர்ந்து அசைவு நின்ற பிறகுதான் பார்மலினில் போட்டேன்.

சில நாள் கழித்து, சாப்பிடும்போது மாமனாராகவே கேட்டார், வேறு மீன்களிலும் இது இருக்குமா என்று. ஒவ்வொரு மீனுக்கும் பெரும்பாலும் தனி இனம் இருக்கும் என்றேன்.

"அப்ப வெள்ளிக்கெழம போயிட்டு வருவோம். கடை லீவுதான்" என்றார். மாமியார் அவருக்கு இன்னொரு கரண்டி மோர் ஊற்றினார்.