மூன்று சின்னத்துக்கும் ஒரே தொட்டி

தமிழ் வகுப்பில் விவாதம் வைத்தால் யாராவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். 2006 அக்டோபரில், உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில், அப்படி மாட்டியவன் ஆஷிக். பழவேற்காட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை, நல்லவன்தான். காதில் மட்டும் எந்நேரமும் இங்கிலீஷ் பாட்டு.

“ராக் பாட்டு கேக்குறவனுக்கு உலக அரசியலே தெரியும் மேடம். கானா கேக்குறவனுக்கு இன்னா தெரியும்? பிரியாணி குடுத்தா ஓட்டு, அவ்ளோதான்” என்று அடித்துவிட்டு உட்கார்ந்தான். பாதி வகுப்பு கை தட்டியது.

“இதுக்கு யாரு பதில் சொல்றீங்க?” என்றார் பேராசிரியை கெங்கம்மாள்.

கடைசி பெஞ்சில் பிரின்சி இருந்தாள். அவள் அப்பா தாவீதுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை. சித்தப்பா ஸ்டீவன் கானா பாடுகிறவர். தேர்தல் வந்தால் மைக் செட் ஆட்டோவில் ஓடுவது அவர் பாட்டுதான். அந்தப் பாட்டுகளை எழுதுவது பிரின்சி என்று கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மூன்று வருடமும் ‘கானா பார்ட்டி’ என்றே ஓட்டித் தள்ளுவார்கள். வாயை மூடிக்கொண்டாலோ, அப்பாவையும் சித்தப்பாவையும் பிரியாணிக்கு ஓட்டு விற்கிற ஆட்களாக விட்டுவிட்டுச் சாயங்காலம் ஊருக்கு ரயிலேற வேண்டும். இரண்டாவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

“பேசத் தெரியாது மேடம். பாடட்டுமா?”

பாடியே விட்டாள்.

“பூட்டுசாவி சின்னத்தைப் பாரு
போட்டுப் பாரு ஓட்டு ஒருவாட்டி
காலனிக்கு தண்ணித் தொட்டி
கட்டித் தருவாரு அண்ணன் கெட்டி!”

கும்மிடிப்பூண்டி ரயிலில் வரும் கூட்டம் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. “ஏய், இது எங்க ஊர் ஆட்டோ பாட்டாச்சே!” என்றாள் சிஃபா.

“நான்தான் எழுதனேன்” என்றாள் பிரின்சி. சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

“கத்தரிக்காய் சின்னத்துக்காரரும் இதே தொட்டியைத்தானே கட்டறேன்னு சுத்தறாரு?” சிஃபா விடவில்லை.

“அதுவும் நான்தான். ஏணிக்கும் நான்தான். எங்க ஊர்ல பஞ்சாயத்து தலைவருக்கு நிக்கிறவங்க மூணு பேரும் எங்க சித்தப்பாகிட்டதான் வந்தாங்கோ. தொட்டின்னு ஒருத்தர்கூட சொல்லல. ‘நல்லா புகழ்ந்து எழுதும்மா’ன்னாங்க, புகழ்ந்தேன். நடுவுல தொட்டியை நானே வெச்சி எழுதிட்டேன். ஊரெல்லாம் மைக்ல கத்திக்கினு போனாங்க. இப்போ ஜனங்க மடக்கி எப்போ கட்டுவன்னு கேக்குறாங்க. இல்லன்னு எந்த வாயால சொல்லுவாங்க? யார் ஜெயிச்சாலும் கட்டித்தான் ஆவணும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கெங்கம்மாள் மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிரின்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மணி அடித்ததும் ஆஷிக் அவள் பெஞ்சுக்கு வந்தான்.

“ஏதோ பேசிட்டேன், தப்பா எடுத்துக்காத. அது சரி, மூணு பேர்ல உன் ஓட்டு யாருக்கு?”

“எனக்கு ஏது ஓட்டு? பதினெட்டாவ இன்னும் நாலு மாசம் கீது.”

ஆஷிக்குக்குப் பத்தொன்பது. ஓட்டு இருந்தது.

“எங்க தெரு ஆட்டோவுக்கும் ஒரு பாட்டு எழுதித் தரியா?”

“எழுதறேன். உங்க தெருவுக்கு இன்னா வேணும்?”



“அது தெரியலியே. ஊட்ல கேட்டுக்கினு நாளைக்குச் சொல்றேன்” என்றான் ஆஷிக்.